ஆறு பத்துக்கு அறுகிற இணைப்பு

“திருடன் சாயங்காலம் ஆறு பத்துக்கு வர்றான். ஆறு இருபத்திரண்டுக்குப் போயிடறான். ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றதில்ல.”

“கொடுத்து வச்ச திருடன்,” என்றேன். “எங்க அக்கா எனக்கு ஞாயித்துக்கிழமைகூட லீவு குடுக்கறதில்ல.”

அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதிருக்கும். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தார். புகாரை இவ்வளவு சுத்தமாக எழுதிக்கொண்டு வந்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. எங்களிடம் வருகிறவர்கள் வழக்கமாக அழுதுகொண்டே வருவார்கள், அல்லது யாரையாவது அடித்துவிட்டு வருவார்கள்.

எங்கள் துப்பறியும் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருக்கிறது. மூன்று நாற்காலி, ஒரு மேஜை, சுற்றினால் முனகுகிற ஒரு மின்விசிறி. அக்கா இருபது வருடம் தொலைபேசி அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருந்தவர். குரலைக் கேட்டே லைன் செத்திருக்கிறதா, ஆள் பொய் சொல்கிறாரா என்று சொல்லிவிடுவார். நான் பதினெட்டு வருடம் கேபிள் இழுத்தவன். ஒரு கூரையிலிருந்து விழுந்து முழங்கால் போன பிறகு அக்காவிடம் வந்து சேர்ந்தேன். என்னை எல்லோரும் ஒயர் என்பார்கள். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கிறது, அதை யாரும் கேட்டதில்லை.

“டீச்சர், புகாரை முழுசா ஒருதடவை சொல்லுங்க,” என்றார் அக்கா.

“ஆறு மணிக்கு எனக்கு ஆன்லைன் கிளாஸ். எட்டுப் பசங்க. ஆறு பத்துக்கு வைஃபை டப்புன்னு போயிடும். ரெண்டு நிமிஷத்துல தானா வரும். அப்புறம் என் பையன்கிட்ட இருந்து மெசேஜ் வரும், அவன் வெளிநாட்டுல வேலை பாக்குறான். அதைப் பாத்துட்டு கிளாஸைப் பிடிச்சா, ஆறு இருபத்திரண்டுக்கு மறுபடி போயிடும். இப்படியே போனா ஒருநாள் அவன் மெசேஜே வராம நின்னுடுமோன்னு பயமா இருக்கு. கம்பெனிக்காரர் மூணு தடவை வந்தார். தெரியாத போன் ஒண்ணு தினமும் உள்ள வந்துட்டுப் போகுது, யாரோ உங்க வைஃபையைத் திருடறாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.”

“சரி. இன்னொரு தடவை சொல்லுங்க.”

இது அக்காவின் பழக்கம். எல்லோரையும் இரண்டு முறை சொல்லச் சொல்வார். முதல் முறை சொன்னதில் எது இரண்டாம் முறை காணாமல் போகிறதோ, அதில்தான் அவருக்கு அக்கறை. டீச்சர் ஒரு நிமிடம் அக்காவைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“ஆறு பத்துக்குப் போகும். ரெண்டு நிமிஷத்துல வரும். கிளாஸைப் பிடிப்பேன். ஆறு இருபத்திரண்டுக்கு மறுபடி போகும். கம்பெனிக்காரர் மூணு தடவை வந்தார். திருட்டுன்னு சொன்னார்.”

எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டன. அக்கா ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி, நான்காக மடித்து, கைப்பையில் போட்டுக்கொண்டார்.

“பாஸ்வேர்டை மாத்தலாமே டீச்சர்?” என்றேன்.

“அவருக்கு இஷ்டமில்ல. எங்க வீட்டுக்காரருக்கு.” நோட்டை மூடினார். “எனக்கு யாரையும் பிடிச்சுக் குடுக்க வேண்டாம் தம்பி. லைன் விழாம பண்ணிக்குடுத்தா போதும்.”

*

வீடு ஒரு சந்தின் முனையில் இருந்தது. கீழே முன்பக்கம் டீச்சர் கணவரின் கடிகாரக் கடை. அதன் பின்னாலிருந்து மாடிக்குப் படி. படி திரும்புகிற இடத்தில், சுவரில் பலகை அடித்து, அதன்மேல் அந்த வைஃபை பெட்டி. புதிது. பழையது கெட்டுப்போய் இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் கம்பெனிக்காரர் மாற்றியிருக்கிறார். அதிலிருந்து ஒரு ஒயர் மட்டும் கீழே இறங்கி, கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்குப் போனது.

கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். சட்டை அவருக்கு இரண்டு அளவு பெரிதாகத் தொங்கியது.

“அவ சொன்னா, நீங்க வருவீங்கன்னு,” என்றார், தலையைத் தூக்காமல். “இதுக்குப் போய் துப்பறியறவங்களா? ரெண்டு நிமிஷ விஷயம்.”

“ரெண்டு நிமிஷம் கடிகாரத்துல தப்பினா நீங்க விடுவீங்களா சார்?” என்றார் அக்கா.

சுவரைப் பார்த்தேன். முப்பது நாற்பது கடிகாரங்கள். எத்தனையோ கடிகாரக் கடை பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர் நேரம் காட்டும். இங்கே அத்தனையும் ஐந்து ஐம்பத்தாறு.

மாடியில் டீச்சர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடம் ஆரம்பித்தார். நானும் அக்காவும் படியில் உட்கார்ந்தோம். என் போனை அவர்கள் வைஃபையில் சேர்த்துக்கொண்டு, பெட்டியின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு பத்து. பச்சை விளக்கு அணைந்தது. சொல்லிவைத்த மாதிரி.

“போச்சு! மறுபடி போச்சு!” என்று மாடியில் குரல் கேட்டது. “எவனோ திருடறான்! கேக்குதாங்க?”

“பாக்குறேன் டீச்சர்!” என்று கீழே கடையிலிருந்து பதில் வந்தது. மனைவியை அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார் போலிருக்கிறது.

இரண்டு நிமிடத்தில் விளக்கு வந்தது. என் போன் தானாகச் சேர்ந்துகொண்டது. ஆனால் வைஃபை பெயருக்கு அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது: பாதுகாப்பு பலவீனம்.

“அக்கா, இதைப் பாருங்க. பூட்டை மாத்திட்டாங்க.”

“தமிழ்ல சொல்லு.”

“இந்தப் புதுப் பெட்டியில புது மாதிரிப் பூட்டு. ரொம்பப் பழைய போனா இருந்தா பாஸ்வேர்ட் சரியாப் போட்டாலும் உள்ள வர முடியாது. அந்தப் போனுக்கு இந்தப் பூட்டே புரியாது. இப்ப யாரோ புதுப் பூட்டைக் கழட்டிட்டு பழைய பூட்டைப் போட்டிருக்காங்க. பூட்டை மாத்துற நேரத்துல வீட்டுக்குள்ள இருக்குற எல்லாரையும் தெருவுல தள்ளித்தான் ஆகணும். அதுதான் டீச்சருக்கு லைன் விழுறது.”

ஆறு இருபத்திரண்டு. விளக்கு மறுபடி போய், மறுபடி வந்தது. இந்த முறை அந்தச் சின்ன எழுத்து இல்லை.

“திருப்பிப் பூட்டிட்டான்,” என்றேன். “நல்ல வளர்ப்பு. வந்த வழியைச் சாத்திட்டுப் போறான்.”

“பூட்டை மாத்த யாரால முடியும்?”

பெட்டியைத் திருப்பிக் காட்டினேன். அடியில் ஸ்டிக்கர், அதில் பெட்டிக்கான தனி ரகசியச் சொல். கம்பெனிக்காரர் மாற்றாமல் அப்படியே விட்டிருந்தார். ஒருமுறை இந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்த யாராலும் முடியும்.

பெட்டி இருக்கும் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு தையல்காரர் கடை. முழங்கால் வலியையும் பார்க்காமல் நான் பாய்ந்து போனேன். பெட்டியை மாட்டும்போது பலகை அடிக்க சுத்தியல் கொடுத்தது அவர்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். வசமாக மாட்டினார் என்று நினைத்துக்கொண்டு போனைக் காட்டச் சொன்னேன். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பட்டன் போன் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இதுல வைஃபை வந்தா எனக்கும் சொல்லு தம்பி. நானும் ரெண்டு படம் பாக்குறேன்.”

அசடு வழிந்துகொண்டு வெளியே வந்தேன். அக்கா நடைபாதையில் நின்று கடிகாரக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒயரு, நோட்டுல இருக்குற நேரத்தைப் பாத்தியா? அம்பது நாளா ஆறு பத்து. ஒருநாள் ஆறு ஒன்பது இல்ல, ஒருநாள் ஆறு பதினொண்ணு இல்ல. நம்ம ஊர்ல அப்படி நேரம் தவறாம வேலை செய்யற ஆளு யாரு?”

நானும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாற்பது கடிகாரமும் ஆறு நாற்பதைக் காட்டின.

“ஞாயித்துக்கிழமை டீச்சருக்கு கிளாஸ் கிடையாது,” என்றார் அக்கா. “அவங்க காதுல ஹெட்போன் இருக்காது. கீழ இறங்கி வரலாம். அதனால திருடனுக்கும் லீவு. வைஃபை விழுந்தாலும் விழாத ஒரே இணைப்பு எது?”

“ஒயர். கடை கம்ப்யூட்டர்.” எனக்குப் பளிச்சென்றது. கூடவே சிரிப்பும் வந்தது. “ஆக, மாடியில பொண்டாட்டி கணக்குப் பாடம். கீழ சார் பழைய போன்ல பன்னெண்டு நிமிஷம் யாருக்கோ காதல் பாடம். இந்த வயசுல! அதான் ஆள் இப்படி இளைச்சுட்டாரா?”

அக்கா சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவர் திட்டினால் எனக்குச் சந்தோஷம், சும்மா இருந்தால்தான் தப்பாக ஏதோ சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

*

மறுநாள் ஆறு பன்னிரண்டுக்குக் கடைக்குள் நுழைந்தோம்.

கடிகாரக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் வைஃபை பெட்டியின் பக்கம் திறந்திருந்தது. அவர் கையில் ஒரு பழைய போன். ஒரு மூலையில் கண்ணாடி உடைந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. அரைகுறையாக அடித்திருந்த செய்தி எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது: சாப்பிட்டியாம்மா, நான் நல்லா இருக்

அவர் போனை மறைக்கவில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

“கதவைச் சாத்துங்க,” என்றார்.

சாத்தினேன்.

“பையனோட போனா சார்?” என்று கேட்டார் அக்கா.

அவர் தலையாட்டினார்.

“எட்டு மாசம் ஆச்சு. அவளுக்கு நெஞ்சுல ஆபரேஷன் பண்ணி மூணாவது நாள். ஆஸ்பத்திரி வராந்தாவுல நிக்கிறேன், போன் வருது. அவன் வேலை பாத்த இடத்துல சாரம் சரிஞ்சு விழுந்துடுச்சுன்னாங்க. இருபத்தாறு வயசும்மா. அவ உள்ள மூச்சு விடறதுக்கே கஷ்டப்பட்டுட்டிருக்கா. டாக்டர்கிட்ட கேட்டேன். ஒரு மாசத்துக்கு எந்த அதிர்ச்சியும் கூடாதுன்னார். ஒரு மாசம்தானேன்னு நினைச்சேன்.”

“அப்புறம்?”

“அவ தங்கச்சியை ஆஸ்பத்திரியில விட்டுட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். அங்கயே எல்லாம் முடிச்சேன். பக்கத்துல நின்னவங்க யாருன்னுகூட எனக்குத் தெரியாது. அவன் பையைக் குடுத்தாங்க. அதுல இந்தப் போன். அவ அனுப்பின மெசேஜ் பதினேழு இருந்துச்சு. ஏன்டா பதில் போடலை, அம்மா ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதுடா, ஏன்டா பதில் போடலைன்னு. நான் ஒண்ணே ஒண்ணு போட்டேன். வேலை ஜாஸ்திம்மான்னு.”

அவர் விரல் போன் கண்ணாடியில் ஒட்டியிருந்த டேப்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

“மாசம் முடிஞ்சதும் சொல்லிடலாம்னு அவ பக்கத்துல உக்காந்தேன். அவ போனைக் காட்டி, ‘பாருங்க, பையன் சிரிக்கிற பொம்மை அனுப்பியிருக்கான்’னா. நான் அனுப்பின பொம்மை. எப்படிம்மா சொல்றது?”

நேற்று நடைபாதையில் நான் அடித்த ஜோக் நினைவுக்கு வந்தது. வாயில் இரண்டு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

“உங்க போன்ல இருந்தே அனுப்பலாமே சார்,” என்றேன்.

“முடியாதாம். வேற போன்ல திறந்தா அவன் நம்பருக்கு ஏதோ கோட் வருமாம். அந்த நம்பரை மூடிட்டாங்க. இதுல மட்டும்தான் அவன் இன்னும் இருக்கான். பழைய பெட்டி இருந்தப்ப இது தானாச் சேந்துக்கும். புதுப் பெட்டி வந்ததும் சேரவே மாட்டேன்னுடுச்சு. ஒன்பது நாள் என்னென்னவோ பண்ணிப் பாத்தேன். வாட்சுக்கு பேட்டரி போட வந்த ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியரம்மாகிட்ட கேட்டேன், பெட்டியில இந்த இடத்துல மாத்துங்கன்னு காட்டிக்குடுத்தாங்க. அப்படியே விட்டா அவ போன்ல பாதுகாப்பு பலவீனம்னு எழுதுது. மொத நாளே என்னன்னு கேட்டுட்டா. அதான் உடனே திருப்பி வச்சிடறேன்.”

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். ஆறு இருபது. மிச்சம் இருந்த எழுத்துகளை அடித்தார். ஒற்றை விரலால், ஒவ்வொன்றாக, கடிகாரத்துக்குள் திருகு வைக்கிற மாதிரி. அனுப்பினார். ஆறு இருபத்திரண்டுக்கு மவுஸை ஒரு தட்டு தட்டினார்.

“மறுபடி போச்சு!” மாடியில் டீச்சரின் குரல். “அந்தத் திருட்டுப் பய மறுபடி வந்துட்டான்! கேக்குதாங்க?”

“பாக்குறேன் டீச்சர்!” என்று கத்தினார் அவர். கத்தும்போது கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். “அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா. நானே சொல்றேன். ஒருநாள் சொல்லிடறேன்.”

*

ஏழு மணிக்குப் பாடம் முடிந்து டீச்சர் எங்களை மாடிக்குக் கூப்பிட்டார். சின்ன அறை. ஒரு மேஜை, போனை நிறுத்திவைக்க நான்கு பாடப் புத்தகம், சுவரில் சாக்பீஸ் பலகை. அக்கா என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. புகார் கொடுத்தவரிடம் பொய் சொல்லி நான் அவரைப் பார்த்ததில்லை.

அக்கா வாயைத் திறப்பதற்கு முன்னால் டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கண்டுபிடிச்சுட்டீங்க. உங்க முகத்துலயே தெரியுது. யாருன்னு எங்கிட்ட சொல்லாதீங்க.”

அக்கா கைப்பையிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தார். அதில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. மகன்.

“முதல் தடவை சொன்னப்ப பையனைப் பத்திச் சொன்னீங்க. ரெண்டாவது தடவை அவனை விட்டுட்டீங்க,” என்றார். “எப்ப இருந்து தெரியும் டீச்சர்?”

டீச்சர் உட்கார்ந்தார். அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஆறு மாசமா. என் பையன் ஒருநாளும் என்னை ‘சாப்பிட்டியாம்மா’ன்னு கேட்டதில்ல. பசிக்குதுன்னு சொல்லத்தான் அவனுக்குத் தெரியும். திடீர்னு தினமும் கேக்குறான். சரி, வெளியூர் போய்த் திருந்திட்டான்னு சந்தோஷப்பட்டேன். அப்புறம் இவருக்கு காய்ச்சல் வந்து நாலு நாள் எழுந்திரிக்கல. அந்த நாலு நாளும் பையனுக்கும் மெசேஜ் அனுப்ப நேரமில்ல. அஞ்சாம் நாள் இவர் கடைக்கு இறங்கினார். ‘வேலை ஜாஸ்திம்மா’ன்னு வந்துச்சு. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்குடுத்தவ நான். இதுகூடவா போடத் தெரியாது?”

“கேக்கலையா அவர்கிட்ட?”

“எப்படி கேப்பேன்? நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கன்னு சொல்லிட்டு அவர் அங்க தனியாப் போய் நின்னிருக்கார். தனியாத் திரும்பி வந்திருக்கார். எனக்காக அதை நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டு, தினமும் அவனா உக்காந்து எழுதறார். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, எழுதறதை நிறுத்திடுவார். அதுக்கப்புறம் அவருக்குக் காலையில எழுந்திரிக்க என்ன இருக்கு?” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “புதுப் பெட்டி வந்து ஒன்பது நாள் மெசேஜ் இல்ல. ஒன்பது நாள் அவர் சரியாச் சாப்பிடல. அப்புறம் எப்படியோ வழி கண்டுபிடிச்சார். ஆனா இப்ப தினமும் லைன் விழுது. விழும்போதெல்லாம் நான் திருடன் திருடன்னு கத்தணும். கத்தலைன்னா அவருக்குச் சந்தேகம் வந்துடும். என் பையன் பேரால வர்ற ஒரு வார்த்தைக்கு, தினமும் ரெண்டு தடவை திருட்டுப் பயன்னு கத்துறேன். எனக்கு முடியல. அதான் உங்ககிட்ட வந்தேன்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“என்னிக்குப் போனான்னுகூட எனக்குத் தெரியாது,” என்றார் டீச்சர். “தேதி தெரியாது. எப்படின்னு தெரியாது. அவர் சொல்ற அன்னிக்கு, அப்பதான் கேக்குற மாதிரி அழணும்னு நினைச்சுட்டிருக்கேன். அதுவரைக்கும் லைன் மட்டும் விழாம இருக்கட்டும்.”

அக்கா காகிதத்தை எடுத்து மறுபடி மடித்தார். “ஒயரு, முடியுமா?”

“முடியும்,” என்றேன்.

*

மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்குக் கடை கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். வேலை பெரிதில்லை. அந்தப் பெட்டியில் வீட்டு இணைப்பைத் தவிர விருந்தாளிகளுக்கென்று இன்னொன்று திறக்கலாம், அதற்குத் தனிப் பூட்டு வைக்கலாம். வீட்டு இணைப்பில் புதுப் பூட்டை அப்படியே விட்டேன். இரண்டாவதில் பழைய பூட்டைப் போட்டு, அந்த ஒரு போனை மட்டும் உள்ளே விட்டேன். பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் இருந்த ரகசியச் சொல்லையும் மாற்றினேன். பதினெட்டு வருடத்தில் ஆயிரம் வீட்டுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். எந்த வீட்டிலும் ஒவ்வொரு எழுத்தையும் இப்படி இரண்டு முறை சரிபார்த்ததில்லை.

“டீச்சர் போன்ல இது தெரியுமா தம்பி?” என்று கேட்டார் கடிகாரக்காரர்.

“தெரியாது சார். பேரை மறைச்சுட்டேன். இனிமே நீங்க எதையும் மாத்த வேண்டாம். எந்நேரமும் அனுப்பலாம். ஞாயித்துக்கிழமைகூட.”

அக்கா வாசல் பக்கம் நின்றிருந்தார். “சார், நான் எல்லாரையும் புகாரை ரெண்டு தடவை சொல்லச் சொல்லுவேன். உங்களை ஒருதடவைதான் சொல்லவிட்டேன்.”

“இன்னொரு தடவை சொல்லணுமாம்மா?”

“சொல்லணும். எங்கிட்ட இல்ல.”

மாடியில் பாடம் ஆரம்பித்தது. டீச்சரின் குரல் படி வழியாக இறங்கி வந்தது. நூற்று நாற்பத்து மூன்றை ஆறால் வகுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு பத்து ஆனது. விளக்கு அணையவில்லை. மாடியில் குரல் நிற்கவில்லை. கடிகாரக்காரர் பழக்க தோஷத்தில் மவுஸைத் தொட்டு, கையை இழுத்துக்கொண்டார். போனை எடுத்தார். ‘சா’ என்று அடித்தார். நிறுத்தினார்.

“பூட்டைத் திறக்கிற வேலை இருந்தப்ப என்ன எழுதறதுன்னு யோசிக்க நேரமே இருந்ததில்ல,” என்றார்.

அந்த ஓர் எழுத்தை அழித்தார். ஆறு பதினைந்து ஆயிற்று. ஆறு பதினெட்டு. பிறகு ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். அடித்ததை அனுப்புவதற்கு முன்னால் போனை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார், எழுத்துப் பிழை பார்க்கச் சொல்கிற மாதிரி.

*அம்மா, அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். கீழ போம்மா.*

அக்கா தலையசைத்தார். கடிகாரக்காரர் அனுப்பினார்.

“...ஆறால வகுத்தா இருபத்து மூணு. மீதி எவ்வளவு? யாரு சொல்றீங்க? மீதி...”

குரல் நின்றது.

தொழில் புத்தி, என் கண் தானாகப் படியில் இருந்த பெட்டிக்குப் போனது. விளக்குகள் எல்லாம் பச்சை. இணைப்பு விழவில்லை.

மாடியில் நாற்காலி நகர்ந்தது. பிறகு படியில் காலடி, ஒவ்வொன்றாக. கடிகாரக்காரர் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். டீச்சர் கழுத்தில் ஹெட்போன் தொங்க, கையில் போனோடு கடைசிப் படியில் வந்து நின்றார். அவர் முகத்தில் நடிப்பு எதுவும் இல்லை. அப்போதுதான் கேட்கிற மாதிரி அழ வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

கணவர் வாயைத் திறந்தார்.

“என்னிக்குங்க?” என்று கேட்டார் டீச்சர்.

அவர் மனைவியையே பார்த்தார். புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் இறங்கி வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் தேதியைச் சொல்வது என் காதில் விழுந்தது. அதற்குள் அக்கா என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். கடைக் கதவை நான்தான் சாத்தினேன்.

தையல்காரர் தன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். “என்னம்மா, திருடன் மாட்டினானா?”

“லைன் சரியாயிடுச்சு,” என்றார் அக்கா.

சந்து முனை வரை நடந்தோம். வழக்கம்போல் நான் ஏதாவது சொல்வேன் என்று அக்கா என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் வரவில்லை.